டார்ஜிலிங் ஸ்வெட்டர்

வைட்ஃபீல்டு ஆபீசிலிருந்து இரண்டு மணி நேரம் டிராஃபிக்கில் ஊர்ந்து வீடு வந்தேன். மழையில் நனைந்த உடம்பு நடுங்கியது. போர்த்திக்கொள்ள ஏதாவது எடுக்கலாமென்று பீரோவைத் திறந்தால், பாச்சை உருண்டை வாசனையோடு அந்த மெரூன் ஸ்வெட்டர்.

நான் சிறுமியாக இருந்தபோது, மர்பி டவுன் வீட்டில் கோடை வந்தால் அப்பா ரயில்வே டைம்டேபிளை விரித்துவிடுவார். "கல்கத்தா போயி, மொதல்ல பிளாசி. நவாப் தோத்த எடத்த பாத்துட்டு நேரா டார்ஜிலிங்." அம்மா எனக்கு ஸ்வெட்டர் பின்னி முடிப்பதற்குள், யார் வீட்டுக் கல்யாணமோ அப்பாவின் லீவைத் தின்றுவிடும். அடுத்த கோடைக்குள் நான் வளர்ந்திருப்பேன். அம்மா ஸ்வெட்டரைப் பிரித்து, இன்னொரு உருண்டை நூல் சேர்த்து, பெரிதாகப் பின்னுவாள். டிசம்பர் குளிரில் கெஞ்சினாலும் தரமாட்டாள். "அது டார்ஜிலிங்குக்குடி. இங்க போட்டு பாழாக்காத."

ஐந்து முறை பின்னினாள். அம்மா போன பிறகு பிரிக்க ஆளில்லை.

முதல்முறையாகப் போட்டுக்கொண்டேன். வளர்வேன் என்று அவள் தாராளமாக விட்டிருந்ததால் இன்றும் சரியாக இருந்தது. அப்படியே சோபாவில் சாய்ந்தேன்.

வாசல்படி இறங்கவே என் கையைப் பிடிக்கும் அப்பா, நாற்காலியிலிருந்து என்னை உற்றுப் பார்த்தார்.

"கழட்டி பத்திரமா வைம்மா. டார்ஜிலிங் போறப்ப வேணும்ல."