மஞ்சள் தடவிய பத்து எலிகள்

போன வாரம் என் எம்.ஃபில். ஆராய்ச்சி ஒரு அலுமினியச் சட்டியில் மஞ்சள் தடவி வந்து சேர்ந்தது.

வயலெலியின் வயிற்றுப் புழுக்கள்தான் என் தலைப்பு. எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். "எலி வயித்தக் கிழிக்கவா இவ்ளோ படிச்ச?" என்று அப்பா இன்னும் கேட்கிறார். கடைசிப் பத்து எலி பாக்கி. திங்கட்கிழமைக்குள் பார்த்து முடிக்காவிட்டால் ஒரு வருடம் போச்சு.

ஒலக்கூர்ப் பக்கம் எலி பிடிக்கும் கன்னியம்மா அக்காவிடம் சொல்லியிருந்தேன். மிஸ்டு கால் வந்தது. ஓடினேன். பத்தும் தயார் – மயிர் பொசுக்கி, வயிற்றைச் சுத்தம் செய்து, கழுவி, மஞ்சள் தடவி... கறிக்குக் கேட்டு வாங்குபவர்களுக்கு அவர் அப்படித்தான் கொடுப்பார். முழுசாக வேண்டும் என்று சொல்ல எனக்குத்தான் தோன்றவில்லை.

"குடலு, ஈரலு எங்கக்கா?"

"அத யாரு சார் துன்னுவாங்க? எறிஞ்சிட்டேன்."

"எனக்கு அதுதான் வேணும். கறி வேணாம்."

அக்கா ஏற இறங்கப் பார்த்தார். "படிச்சவங்க வூட்டுக் கொழம்பே வேற போல."

புழுவைத் தேடுகிறேன் என்று விளக்கினேன்.

"ஈரல்ல வெள்ளையா முத்தாட்டம் ஒட்டிக்கினு இருக்குமே, அதுவா? அது ஊராண்ட வளையில புடிக்கிற எலிக்குத்தான் சார் இருக்கும். ஏரிக்கு அந்தாண்ட கழனில கெடையாது."

அந்த முத்துக்குள் இருப்பது நாடாப்புழுவின் குஞ்சு. எலிக்குள் அது வளர்ந்து முடியாது. அந்த எலியை ஒரு பூனை தின்ன வேண்டும். பூனையின் குடலில்தான் முழுப் புழுவாகும். பூனையின் கழிவில் முட்டை, அது பட்டதைத் தின்னும் எலிக்கு மறுபடியும் முத்து. வீடு இருக்கும் இடத்தில்தானே பூனை? நானோ, இதுவரை அறுத்த எலிகளை எந்த வயலில் பிடித்தார்கள் என்று குறித்து வைக்கவே இல்லை!

நான் கேட்டபடி, மறுநாள் அக்கா இரண்டு கூடைகளில் உயிரோடு ஆய்வகத்துக்கே கொண்டுவந்தார். ஊர்ப்பக்க எலி ஐந்து, ஏரிக்கு அப்பால் ஐந்து. அறுத்தேன். முதல் கூடையில் மூன்று ஈரல்களில் முத்து. இரண்டாவதில் ஒன்றுகூட இல்லை. ஆய்வேடு தப்பித்தது. அதில் உருப்படியான ஒரே அத்தியாயம் அக்காவுடையது.

ஒரு முத்தைக் கீறி, தட்டில் ஊற்றிய உப்புத் தண்ணீரில் விட்டேன். சுருண்டிருந்த வெள்ளை ரிப்பன் மெல்ல நீண்டது... அசைந்தது.

அக்கா தட்டின் மேல் குனிந்து அதனிடமே சொன்னார்: "எத்தினி நாளா காத்துக்கினு இருந்தியோ... பூனைக்குப் பதிலா சாரு வந்துட்டாரே."