திருமழிசையில் போட்ட மூன்றாவது முடிச்சு

வைகாசியில் என் தம்பிக்குத் திருமழிசையில் கல்யாணம். முதல் நாள் காலை எங்கள் வீட்டார் மல்லிகைக் கூடைகளோடு மாட்டு வண்டியில் கிளம்பினார்கள். நான் ஏறவில்லை. மல்லிகை, அத்தர், பன்னீர் எதுவானாலும் எனக்குத் தும்மல் பிடித்து, இளைப்பில் கொண்டுபோய் விடும். அதனால் நானும் என் வீட்டுக்காரரும் பெரம்பூரில் ரயிலேறினோம். ஆவடிக்கு டிக்கட் மூன்றணா.

மூன்றாவது முடிச்சை நாத்தனார்தான் போட வேண்டும். பெண்ணின் பின்னால் நின்று, பூ வைத்த ஜடைக்கு மேல் குனிந்து போட வேண்டும். தாலி ஏறும் நேரத்தில் தும்மினால் அபசகுனம். சித்தி மகள் போடட்டும் என்று வீட்டில் பேச்சு எழுந்தது. நானிருக்க அவளா? நன்றாயிருக்கிறது நியாயம்!

ஆவடியிலிருந்து பூந்தமல்லி ஆறு மைல், அங்கிருந்து திருமழிசை மூன்று மைல். ஜட்காவில் போனோம்.

"இன்னாம்மா, மூக்கப் பொத்திகினே வரீங்கோ? குதிர நாத்தமா?" என்றார் வண்டிக்காரர்.

குதிரை பாவம், அது ஒன்றும் செய்யவில்லை, உங்கள் துண்டிலிருக்கும் அத்தர்தான் என்றேன். சிரித்துவிட்டு, துண்டைச் சுருட்டிப் புல்லுக்கட்டுக்கு அடியில் செருகினார்.

கல்யாண வீட்டு வாசலில் பெண்ணின் தாயார் பன்னீர்ச் செம்போடு நின்றார். நான் விலகிப் போனதும் அவர் முகம் சுருங்கியது. சாயங்காலம் நேரே மணப்பெண் செங்கமலத்திடம் போய் என் சங்கதியை ஒளிக்காமல் சொன்னேன்.

"இதுக்கா அண்ணி இம்மாம் ரோசன? நான் கனகாம்பரம் வெச்சிக்கிறேன். அதுல இன்னா வாசன கீது?" என்றாள்.

மல்லி இல்லாமல் ஒரு கல்யாணப் பெண்ணா என்று அவள் தாயார் சண்டைக்கு வந்தார். செங்கமலம் அசையவில்லை. மாலையையும் கனகாம்பரத்திலேயே கட்டச் சொல்லிவிட்டாள்.

மறுநாள் முகூர்த்தத்தில் ஜடை முழுக்கக் கனகாம்பரம், நெருப்பாய் எரிந்தது. தம்பி இரண்டு முடிச்சுப் போட்டான். நான் குனிந்தேன். எங்கள் வீட்டார் அத்தனை பேரும் என் மூக்கையே பார்த்தார்கள். நிதானமாக, இறுக்கி, மூன்றாவதைப் போட்டேன். ஒரு தும்மல் இல்லை. எனக்கு வந்த பெருமையைச் சொல்லி மாளாது.

புறப்படும்போது அதே வாசலில் பெண்ணின் தாயார் எல்லார்மேலும் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் செம்பைத் தூரக் கொண்டுபோய்த் தரையில் வைத்தார். கையைப் புடவையில் அழுந்தத் துடைத்துக்கொண்டு வந்து, என்னைக் கும்பிட்டார்.