சஹ்யவீரின் தோள்மூட்டு

ஆரோக்கியமேரிக்குப் பொம்மை சேகரிக்கிறவர்களைக் கண்டால் ஆகாது. சின்னப் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் வேறு விஷயம். காமிக்ஸிலும் சினிமாவிலும் வருகிற வீரர்களைச் சாண் உயரத்துக்கு வார்த்து, கையும் காலும் மடங்குகிற மாதிரி செய்து, முன்பக்கம் கண்ணாடித்தாள் ஒட்டிய பெட்டியில் அடைத்து விற்கிறார்களே, அதை நாற்பது வயதில் வாங்கிப் பெட்டியைத் திறக்காமலே அலமாரியில் அடுக்குகிறவர்களைத்தான் அவளுக்குப் பிடிக்காது. அவர்களில் அறுபதாயிரம் பேர் வாராவாரம் அவளுடைய வீடியோவைப் பார்த்தார்கள். அதற்காக அவர்கள்மேல் அவளுக்கு மரியாதை ஒன்றும் கூடிவிடவில்லை.

தேஹு ரோடு ரயில் நிலையத்துக்குப் பின்னால் இரண்டு அறை வீட்டில் அவளும் தம்பி கிறிஸ்டோபரும் இருந்தார்கள். திண்டிவனம் பக்கத்திலிருந்து இந்த மராத்திச் சீமைக்கு ராணுவத் தளவாடக் கிடங்கு வேலைக்கு வந்த அப்பா காலமாகிவிட்டார். அதே கிடங்கில் தம்பி இப்போது குமாஸ்தா. மேரி பிளாஸ்டிக் டிப்ளோமா முடித்து, போசரியில் ஒரு மோல்டிங் கம்பெனியில் பதினேழு வருடமாகத் தரப் பரிசோதனையில் இருந்தாள். கார் கிளிப்புகள், ஸ்கூட்டர் விளக்கு மூடிகள், அந்த மாதிரி சாமான்கள். ஒரு துண்டைக் கையில் எடுத்தால் போதும், அச்சு எவ்வளவு பழசு, எந்த மூலைக்குப் பிளாஸ்டிக் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது, மெஷினில் நின்றவன் வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தானா என்று எல்லாமே சொல்லிவிடுவாள்.

வீடியோ தொடங்கியது தம்பியால்தான். ஏழு வருடத்துக்கு முன்னால் அவன் வெளிநாட்டிலிருந்து ஒரு முகமூடி வீரனை வரவழைத்தான். மேரி அதை வாங்கி அப்படியும் இப்படியும் திருப்பினாள்.

"அக்கா, மெதுவாக்கா. அதுக்காக மூணு மாசம் காத்துட்டிருந்தேன்."

"மூணு மாசம் காத்திருந்தியே, ஒரு தடவை முட்டியைத் திருப்பிப் பாத்தியா? அச்சுல வந்த பிசிறை வழிக்காம மேலயே பெயின்ட் அடிச்சிருக்கான். நிக்க வெச்சுப் பாரு, பின்னாடி சாயும். மேலங்கி அவ்ளோ கனம்."

நிற்க வைத்தான். சாய்ந்தது. அடுத்த முறை அவள் பேசியபோது அவன் கைபேசியில் பிடித்துப் போட்டான். அப்படி உண்டானதுதான் 'பிசிறு' என்ற சேனல். அவள் இந்தியில் பேசினாள், கோபம் வந்தால் மராத்தியில் பேசினாள். முகத்தைக் காட்டியதில்லை. சமையலறை ஜன்னலோர மேஜை, ஒரு வெள்ளை ரெக்சின், இரண்டு கைகள், அவ்வளவுதான். பெயருக்கு அர்த்தம் தெரியாமல் பார்ப்பவர்களில் பாதிப் பேர் அதை ஜப்பானிய வார்த்தை என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் திருத்தவில்லை. அப்படி நினைக்கிறவர்களுக்கு அது போதும் என்று விட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசைக்குப் போய்வந்து, டீ குடித்துவிட்டுத் திட்ட உட்காருவாள். இரண்டரை மணி நேர சினிமா என்பது பொம்மை விற்பதற்கான நீண்ட விளம்பரம் என்பாள். ஒரே காமிக்ஸ் புத்தகத்துக்குப் பதின்மூன்று அட்டை போட்டு விற்கிறவனைவிட, பதின்மூன்றையும் வாங்குகிறவன்தான் அவளுக்குப் பெரிய ஆச்சரியம். படம் வருவதற்கு ஆறு மாதம் முன்பே வில்லனின் தொப்பி நிழலைப் பார்த்து "ரகசியம் வெளியானது" என்று செய்தி போடுகிற சேனல்களை அவள் பெயர் சொல்லாமலே கிழித்தாள். அவர்களும் வந்து பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். ரோஷம்கூட இல்லாதவர்கள் என்று தம்பியிடம் சொன்னாள்.

போன வருடம் 'சஹ்யவீர்' வந்தது. சஹ்யாத்ரி மலையில் இடி விழுந்து பலம் பெற்ற வீரனின் கதை. முதலில் காமிக்ஸ், மூன்று மாதம் கழித்துப் படம், படத்தோடு பொம்மை என்று அறிவித்தார்கள். காமிக்ஸ் முப்பத்திரண்டு பக்கம். அதில் பதினோரு பக்கம் விளம்பரம், ஆறு பக்கம் வீரன் கையைக் கட்டிக்கொண்டு பாறைமேல் நிற்கிறான். கதை நடப்பது ஆவணி மழையில். ஆனால் ஒரு படத்திலும் சேறு இல்லை, வீரனின் வெள்ளைக் காலணியில் ஒரு பொட்டு அழுக்கு இல்லை. "இதை வரைந்தவர் மலைக்குப் போனது இருக்கட்டும், மழையில் காய்கறி வாங்கக்கூடப் போனதில்லை" என்று மேரி வீடியோவில் சொன்னாள். கிறிஸ்டோபருக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. அவன் அந்த வீரனின் படம் போட்ட பனியனை அதற்குள் வாங்கியிருந்தான்.

இரண்டரை மாதம் கழித்து, மேரியின் கம்பெனி மேஜைமேல் சஹ்யவீரின் தோள்பட்டை வந்து இறங்கியது.

பொம்மை உரிமை வாங்கிய நிறுவனம் வார்ப்பு வேலையை அவர்களுக்கே கொடுத்திருந்தது. மேரி மாதிரிகளைப் பரிசோதித்தாள். கையைத் தோளோடு பொருத்துகிற முளை வேரில் கூராக வெட்டியது போலிருந்தது. அங்கே சின்ன வளைவு கொடுத்திருக்க வேண்டும். போதாததற்குப் பழைய துண்டுகளை அரைத்துப் புது பிளாஸ்டிக்கோடு தாராளமாகக் கலந்திருந்தார்கள். வரைபடப்படி ஐந்நூறு தடவை சுழற்றினாலும் தாங்க வேண்டிய கை, இருபத்திரண்டாவது சுற்றில் உடைந்து வந்தது. உடைந்த இடம் கத்தி முனை மாதிரி இருந்தது. அவள் தேறவில்லை என்பதற்கான சிவப்புச் சீட்டை ஒட்டினாள்.

மதியம் மனோஜ் வந்தார். முதலாளியின் மருமகன், ஆலையைப் பார்த்துக்கொள்கிறவர்.

"மேரி மேடம், இது பிரேக் பார்ட் இல்ல. பொம்மை."

"பொம்மைன்னா ஒடையலாமா?"

"அடுத்த வெள்ளிக்கிழமை படம் வருது. அச்சைத் திருத்த பன்னெண்டு நாள் ஆகும். டீவியேஷன் போட்டுடுங்க."

டீவியேஷன் என்பது ஒரு தாள். குறை இருப்பது தெரியும், தெரிந்தேதான் அனுப்புகிறோம் என்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடுவது. மேரி அதுவரை நாலைந்துதான் போட்டிருப்பாள், அதுவும் நிறம் கொஞ்சம் மங்கலாக வந்த மூடிகளுக்கு.

"யார் வாங்கப்போறாங்கன்னு உங்களுக்கே தெரியும்" என்றார் மனோஜ். அவளுடைய சேனலைப் பற்றி அவருக்குத் தெரியாது. பொதுவாகத்தான் சொன்னார். "நம்ம ஐடி பசங்க. பெட்டியோட அலமாரில வெப்பாங்க. கையை யார் சுத்தப்போறாங்க?"

அதுதான் அவளைச் சாய்த்தது. அவர் கெஞ்சியிருந்தாலோ மிரட்டியிருந்தாலோ மறுத்திருப்பாள். அவர் சொன்னது அவளே ஆறு வருடமாகச் சொல்லிவந்தது. பெட்டியையே திறக்காத முட்டாள்களுக்குத் தோள் எப்படி இருந்தால் என்ன என்று நினைத்தாள். பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள்.

படம் வெளியானது. கிறிஸ்டோபர் முதல் நாளே நிக்டி தியேட்டரில் நண்பர்களோடு பார்த்துவிட்டு, வாயெல்லாம் பல்லாக வந்தான். 'பிசிறு' பார்ப்பவர்கள் சஹ்யவீர் பொம்மையை எப்போது கிழிக்கப்போகிறீர்கள் என்று கேட்டு நச்சரித்தார்கள். அவள் அந்த ஞாயிறு வேறொரு பொம்மையைப் பற்றிப் பேசினாள். அடுத்த ஞாயிறு பேசவே இல்லை, தொண்டை சரியில்லை என்று எழுதினாள்.

மூன்றாவது வாரம் தமிழில் ஒரு செய்தி வந்தது. 'பிசிறு என்று பெயர் வைத்திருப்பதால் தமிழ் தெரிந்தவர் என்று நம்பி எழுதுகிறேன்' என்று ஆரம்பித்தது. எழுதியவர் விசாலாக்ஷி. ஔந்தில் இருக்கிறார், வங்கியில் வேலை. ஆறு வயது மகளுக்குச் சஹ்யவீர் வாங்கிக்கொடுத்தாராம். கை உடைந்து குழந்தையின் புருவத்தில் கிழித்துவிட்டது. நிறுவனத்தின் எண்ணில் யாரும் எடுப்பதில்லை. இதை எங்கே சொல்வது என்று கேட்டிருந்தார்.

மேரி அதை மூன்று முறை படித்தாள், பதில் எழுதி விலாசம் வாங்கினாள். சனிக்கிழமை ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஔந்துக்குப் போனாள்.

"வாங்கோ. நீங்கதானா அது? நேர்ல வருவேள்னு நெனைக்கலை" என்றார் விசாலாக்ஷி. "ரெண்டு தையல். கண்ணுக்கு ஒரு விரல்கடை மேல. இவர் கம்ப்ளெய்ன்ட் குடுக்கலாம்கறார். யார்மேல குடுக்கறது சொல்லுங்கோ? நெட்ல போட்டிருக்கற அட்ரஸ்ல ஒரு கொடவுன்தான் இருக்காம்."

மகள் ஸ்நேஹா சோபாவில் உட்கார்ந்திருந்தாள். புருவத்துக்கு மேலே பிளாஸ்திரி. பெட்டியைப் பற்றி மேரி கேட்டபோது அது அன்றைக்கே குப்பைக்குப் போய்விட்டதாகத் தெரிந்தது. பொம்மையின் காலணி தேய்ந்து கறுத்திருந்தது. முகத்தில் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு மீசை. ஒரு கையில்லாமல் அது ஜன்னல் கம்பியில் தலைகீழாகக் கட்டப்பட்டிருந்தது.

"ஏன் கட்டி வெச்சிருக்க?" என்று கேட்டாள் மேரி.

குழந்தை தமிழைத் தேடித் தேடிப் பேசியது. "இவன் ஜூட்டா, பொய்க்காரன். ஃபில்ம்ல பஹாட்... மலை தூக்கினான். நான் கைய புடிச்சு சுத்தினேன், டூட் கயா, ஒடஞ்சு போச்சு. சக்தி இல்ல இவனுக்கு."

"பொம்மையை அப்படிச் சுத்தலாமாடி?" என்றார் அம்மா.

"சுத்தலாம்" என்றாள் மேரி. "அதுக்குத்தான் கை சுத்தற மாதிரி செய்யறது."

உடைந்த முளையை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தாள். நகத்தால் தடவினாள். அதற்குப் பிறகு சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டாள். "இதை நாந்தான் பாஸ் பண்ணேன். ஒடையும்னு தெரியும். தெரிஞ்சே கையெழுத்துப் போட்டேன்."

விசாலாக்ஷிக்கு உடனே புரியவில்லை. புரிந்ததும் எழுந்து போய்க் கதவைத் திறந்து வைத்தார். கத்தவில்லை. "நீங்க கெளம்புங்கோ" என்று மட்டும் சொன்னார். குடிக்காத காபி மேஜையில் இருக்க, மேரி படியிறங்கினாள். ஸ்கூட்டரைக் கிளப்பக் கொஞ்ச நேரம் ஆனது. யார் யாரையோ முட்டாள் என்று சொல்லிச் சேர்த்த ஆறு வருடமும் அப்போது அவளுக்கு அருவருப்பாக இருந்தது. பெட்டியைத் திறந்து பார்க்காமலே தீர்ப்புச் சொன்னவர்களில் அவளும் ஒருத்தி.

திங்கட்கிழமை மனோஜிடம் போய், கடைகளிலிருந்து திரும்ப எடுக்கச் சொல்லுங்கள் என்றாள். அவர் சிரித்தார். பத்தாயிரத்தில் ஒன்று என்றார். பத்தாயிரத்திலும் அதே அச்சு என்றாள். கையெழுத்து உங்களுடையது மேடம், யோசித்துப் பேசுங்கள் என்றார். யோசித்துத்தான் வந்தேன் என்று சொல்லி ராஜினாமாக் கடிதத்தை வைத்தாள். அவர் அதைப் படித்துவிட்டு, போவதற்கு முன் அடுத்த ஆளுக்கு ஒரு மாதம் வேலை கற்றுக்கொடுக்க முடியுமா என்று கேட்டார்.

அந்த ஞாயிறு முதன்முறையாகக் கேமராவை முகத்துக்கு நேராக வைக்கச் சொன்னாள். கிறிஸ்டோபர் கைபேசியைப் பாதி தூக்கிவிட்டு நிறுத்தினான்.

"அக்கா, வேலையும் போச்சு. சேனலும் போயிடும்க்கா."

"நேரா புடி."

சஹ்யவீரை எடுத்தாள். கையைச் சுற்றி உடைத்துக் காட்டினாள். எங்கே வளைவு இல்லை, எதைக் கலந்தார்கள், முனை எப்படிக் கிழிக்கும் என்று விளக்கினாள். "இது வெளியே போகக் கையெழுத்துப் போட்டது நான். நீங்கள் யாரும் பெட்டியைத் திறக்க மாட்டீர்கள் என்று நினைத்துப் போட்டேன். ஒரு குழந்தை திறந்தது. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இதை அவர்கள் கையில் கொடுக்காதீர்கள்" என்று முடித்தாள். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

பார்த்தவர்கள் எதிர்பார்த்தபடியே நடந்துகொண்டார்கள். பேர் வாங்க நாடகம் ஆடுகிறாள் என்றார்கள் சிலர். இத்தனை நாள் கேட்ட குரலுக்கு இந்த முகமா என்று சிலர். எதிரி நிறுவனம் காசு கொடுத்தது என்று ஒரு செய்திச் சேனல் அம்புக்குறியெல்லாம் போட்டு நிரூபித்தது. பொம்மை நிறுவனம், பெட்டியின் வடிவத்தை மேம்படுத்துவதாகக் காரணம் சொல்லிக் கடைகளில் இருந்ததைத் திரும்ப எடுத்துக்கொண்டது. தோளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அடுத்த மாதம் அந்தக் குறைப் பொம்மைக்குக் கிராக்கி வந்தது. திரும்பப் பெறப்பட்ட அபூர்வப் பதிப்பு என்று பேர் வைத்து, சேகரிக்கிறவர்கள் அடித்துக்கொண்டார்கள். அனிருத் என்று ஒரு இளைஞன் விலாசம் விசாரித்துக்கொண்டு தேஹு ரோடுக்கே வந்துவிட்டான். கையில் பிரிக்காத சஹ்யவீர், இன்னொரு கையில் தங்க நிறப் பேனா.

"மேடம், பெட்டிமேல ஒரு கையெழுத்து. நீங்க பாஸ் பண்ணதாச்சே" என்றான் இந்தியில், பெருமையாக.

மேரி அவனை மேலும் கீழும் பார்த்தாள். "பெட்டியைப் பிரி. உள்ள இருக்கற பொம்மை கையில போட்டுத் தரேன்."

"பிரிச்சா மதிப்பு போயிடும் மேடம்."

"அப்போ போ."

அவன் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறிப் போனான். கிறிஸ்டோபர் சிரித்தான். மேரிக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் அவனையும் வெறுத்தாள், அவனுக்குப் பிடித்தமாதிரி ஒன்றைச் செய்து கொடுத்த தன்னையும்.

விசாலாக்ஷிக்கு அவள் இருமுறை எழுதினாள். முதலாவதற்குப் பதில் இல்லை. இரண்டாவதற்கு, தையல் பிரித்தாகிவிட்டது, தழும்பு இருக்கிறது என்று ஒரு வரி வந்தது.

இப்போது சாகணில் டிபன் பாத்திர மூடிகள் செய்யும் கம்பெனியில் இருக்கிறாள். 'பிசிறு' நடக்கிறது, பார்ப்பவர்கள் பாதியாகிவிட்டார்கள். இப்போதெல்லாம் எந்தப் பொம்மையையும் ஐந்நூறு தடவை சுற்றிய பிறகுதான் பேசுகிறாள், திட்டுவதில் மட்டும் ஒரு குறையும் வைப்பதில்லை. சேர்ந்த மூன்றாம் மாதம் அங்கேயும் ஒரு டீவியேஷன் தாள் வந்தது. படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்தில்லாமல் திருப்பி அனுப்பினாள். இரண்டு நாள் யாரும் அவளை டீ குடிக்கக் கூப்பிடவில்லை. அவர்களோடு குடிக்க அவளுக்கும் ஆசை இல்லை.