டேங்க் வழியாத வீடு

போன வியாழக்கிழமை காலையில் பக்கத்து வீட்டு சுகந்தி என் கேட்டைப் பிடித்து உலுக்கினாள். ஓடிப்போய்த் திறந்தேன். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கீங்களாக்கா? உடம்புக்கு ஒண்ணும் இல்லையே? கொஞ்ச நாளா ஒரு சத்தத்தையும் காணோமேன்னு வந்தேன்."

"என்ன சத்தம்?"

"உங்க டேங்க் வழியற சத்தந்தான்!"

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. தஞ்சாவூரில், புது ஆற்றுக்குப் பக்கத்தில் வீடு. கணவர் இறந்து சில வருடங்கள் ஆகின்றன. மகன் கனடாவில். ஆக... இரண்டு பெட்ரூம், ஒரு மொட்டை மாடி, ஒரு டேங்க், நான்.

தினமும் காலையில் மோட்டாரைப் போடுவேன். போட்டதை மறந்துவிடுவேன். டேங்க் வழிந்து, மாடித் தரையில் ஓடி, சுகந்தி ஸ்கூட்டி நிறுத்துகிற தகரக் கொட்டகை மேல் தடதடவென்று விழும். உடனே மதில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வரும். "அக்கா! டேங்க் நெறஞ்சிருச்சு!"

"இதோ நிறுத்திட்டேன்மா!" என்று ஓடுவேன். நிறுத்தியதோடு விடுவேனா? "என்ன, வாசனை ஆளைத் தூக்குது?" என்று ஆரம்பிப்பேன். "கருவாட்டுக் குழம்புக்கா." "எங்களுக்கெல்லாம் கிடையாதா?" – அவ்வளவுதான் பேச்சு. அவள் ஆபீசுக்கு ஓட வேண்டுமே!

இந்தக் கோடையில் எங்கள் தெரு போர்வெல்கள் ஒவ்வொன்றாகக் காற்றைக் கக்க ஆரம்பித்தன. மேட்டூர் திறந்து ஆற்றில் தண்ணீர் வந்தால்தான் மட்டம் ஏறும். இந்த லட்சணத்தில் நான் தினமும் டேங்கை வழியவிடுவதா? அதுவும், தண்ணீரைச் சேமியுங்கள் என்று இதே பக்கத்தில் உங்களுக்கெல்லாம் வகுப்பெடுத்துவிட்டு? வெட்கமாகிவிட்டது. மகனிடம் சொன்னேன். அங்கிருந்தபடியே ஏற்பாடு செய்தான். ஒருவர் வந்து ஆட்டோமேட்டிக் கன்ட்ரோலர் மாட்டிவிட்டுப் போனார். டேங்க் குறைந்தால் மோட்டார் தானாக ஓடும். நிரம்பினால் தானாக நிற்கும். ஒரு சொட்டு வீணாகாது. டேங்கில் எவ்வளவு இருக்கிறது என்று தினமும் மாடியேறி எட்டிப் பார்க்கிற வேலையும் மிச்சம்.

மாடி ஏறாததில் முழங்கால் பிடித்துக்கொண்டது. அதையும் மகனிடம் சொல்லித் தொலைத்தேன். வந்து சேர்ந்தது ஒரு கெட்டில்பெல். வேறொன்றுமில்லை, பிடி வைத்த இரும்புக் குண்டு. வேலையைக் குறைக்க ஒரு மெஷின், வேலை குறைந்துபோனதற்கு ஒரு குண்டு! இதற்குப் பெயர்தான் முன்னேற்றமா?

கிண்டல் இருக்கட்டும், நல்ல பயிற்சிதான். நடவு வயலில் குனிகிற மாதிரி இடுப்பில் மடங்க வேண்டும், முதுகு மட்டும் வளையக்கூடாது. குண்டை இரண்டு கையாலும் பிடித்து, கால்களுக்கு நடுவே விட்டு, இடுப்பை நிமிர்த்துகிற வேகத்தில் முன்னால் வீச வேண்டும். யூடியூபில் ஒரு பெண் சொல்லித் தருகிறாள். முடிந்ததும், "சூப்பர்மா, கலக்கிட்டீங்க!" என்கிறாள். நான் சோபாவில் சாய்ந்துகொண்டு பார்த்தாலும் அதையேதான் சொல்கிறாள்.

ஒருநாள் சாயங்காலம் கூரியர்காரர் வந்து, "கையெழுத்துப் போடுங்கம்மா" என்றார். "எங்கே?" என்று கேட்டேன். குரல் கரகரவென்று வந்தது. காலையிலிருந்து நான் பேசிய முதல் வார்த்தை அது. கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தபோதுதான் உறைத்தது – கன்ட்ரோலர் வந்த நாளிலிருந்து என்னை யாருமே கூப்பிடவில்லை. மகன் ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுவான். மற்ற நாட்களில்? அழுகை வந்தது. சொல்வதற்கென்ன.

இப்போது புரிகிறதா, வியாழக்கிழமை சுகந்தி வந்து நின்றதும் எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று? கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனேன். கன்ட்ரோலரைக் காட்டினேன். ஹாலில் கிடந்த குண்டைப் பார்த்து, "இது என்னக்கா?" என்றாள்.

"கெட்டில்பெல்."

"கெட்டிலா? மூக்கையே காணோம், டீயை எங்கேருந்து ஊத்துவீங்க?"

வயிறு வலிக்கச் சிரித்தேன். காபி போடப் போனேன். அதற்குள் அவள் வீட்டு குக்கர் விசில் அடித்தது.

"வேணாங்க்கா, அடுப்புல போட்டுட்டு வந்துட்டேன். மெஷின் வாங்கினதும் நல்லதாப் போச்சு, இனிமே நான் காலங்காத்தால கத்த வேணாம் பாருங்க!" என்று சொல்லிக்கொண்டே ஓடினாள்.

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்றது. தினமும் வந்து இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போயேன் என்று எப்படிக் கேட்பது? குழந்தை, மாமியார், ஆபீஸ் என்று பறந்துகொண்டிருக்கிறவள். யோசித்துப் பாருங்கள்... யாரும் யாரையும் சும்மா கூப்பிடுவதில்லை. பால் பொங்க வேண்டும், கேட் திறந்து கிடக்க வேண்டும், டேங்க் வழிய வேண்டும். தனியாக இருக்கிறேன் என்பதெல்லாம் ஒரு காரணமா?

மறுநாள் காலை கன்ட்ரோலரை மேனுவலுக்கு மாற்றினேன். திட்டிக் கடிதம் எழுதிவிடாதீர்கள்! டேங்க் வழிகிற குழாய்க்கு நேர் கீழே ஒரு காலி பிளாஸ்டிக் டிரம்மை நகர்த்தி வைத்துவிட்டேன். அத்தனை தண்ணீரும் கொல்லை வாழைக்குத்தான். மோட்டாரைப் போட்டேன். இந்த முறை மறக்கவில்லை. கெட்டில்பெல்லைத் தூக்கிக்கொண்டு மாடிக்கே போய் வீச ஆரம்பித்தேன். கை குண்டில் இருந்தது, காது முழுக்க டேங்க்கில்.

வழிந்தது. காலி டிரம்மில் தண்ணீர் விழுகிற சத்தம் இருக்கிறதே, தகரமெல்லாம் பிச்சை வாங்க வேண்டும்!

"அக்கா!" மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து வந்துவிட்டது குரல். "டேங்க் வழியுதுக்கா! அந்த மெஷினும் உங்கள மாதிரியே மறந்துருச்சா?"

குண்டைக் கீழே வைத்தேன். பதில் வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை.

இன்னொரு தடவை கூப்பிடட்டுமே!