குறைக்கலாம், மெடம்

அன்றைக்கு அந்த அறையில் இருந்தது நான்கு பேர்: பல்கலைக்கழகத்தில் மாணவர் சங்கங்களுக்குக் காசு ஒதுக்கும் அதிகாரி அம்மா, தமிழ் நாடகச் சங்கத்தின் தலைவி, பொருளாளர் தம்பி, நான். யார் அந்தச் சொல்லைச் சொன்னது என்று பிறகு பேச்சு வந்தால், நாலாவது ஆள்தான்.

கொட்டாஞ்சேனையில் மேடைகளுக்கு லைட், சவுண்ட் போடுவது என் தொழில். பத்தாம் வகுப்போடு நின்றவன். கந்தோர், அலுவலகம் என்றாலே பயம். "கணக்கு உங்கட. கேட்டா நீங்களே விளங்கப்படுத்துங்கோ, அண்ணே" என்று தலைவி கூட்டிப்போயிருந்தாள். அவர்கள் நாடகத்துக்கு லைட், சவுண்ட் போட மொத்தம் எண்பத்தையாயிரம் ரூபாய். அதில் அறுபதாயிரம், தெமட்டகொடையில் எனக்கு லைட் வாடகைக்குத் தருபவருக்கு. மிச்சம் இருபத்தையாயிரம் என் கூலி. அதை நம்பித்தான் வீட்டுக்காரரிடம் வாடகைக்குத் தவணை சொல்லியிருந்தேன்.

அதிகாரி பேனையைப் பிடித்தபடி தாளைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். வயர் நீளத்தைக் கூட்டிப் போட்டுவிட்டேனோ? காசே இல்லை என்று அனுப்பிவிடுவாரோ?

"மேக்க வெடியி நேத?" என்றார் சிங்களத்தில். இது அதிகம், இல்லையா என்று.

தலைவி வாய் திறக்குமுன் நான் சொல்லிவிட்டேன்: "அடு கரன்ன புளுவன், மெடம்." குறைக்கலாம் என்று.

அவர் முகம் மலர்ந்தது. எண்பத்தைந்தை ஒரே கோட்டில் வெட்டி, அறுபது என்று எழுதிக் கையெழுத்தும் வைத்தார்.

வெளியே வந்ததும் பொருளாளர் தலையில் கைவைத்தான். "அண்ணே, அவ எல்லாரிட்டையும் அதைத்தான் கேக்கிறவ! 'நே, மெடம்', இல்லை எண்டு சொன்னா முழுசா சைன் பண்ணிடுவா."

"அதை முதலே சொல்லியிருக்கலாமே, தம்பி?"

"காசைக் குறையெண்டு நீங்களே கேப்பீங்க எண்டு ஆருக்குத் தெரியும்?" என்றான் அவன். தலைவிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பயப்பிடாதீங்கோ, குறைஞ்ச காசை வெள்ளவத்தை பிளட் வீடுகளில டிக்கெட் வித்துத் தாறம்" என்றாள்.

திரும்பிப் போய்க் கேட்கலாமா என்று படியில் ஏறினேன். கேட்டால் அறுபதும் போய்விடுமோ என்று இறங்கினேன்.

நாடகம் நடந்தது. நான் மேடையைப் பார்க்கவில்லை, ஆளில்லாத கதிரைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பல்கலைக்கழகத்துச் செக் அப்படியே தெமட்டகொடைக்குப் போனது. டிக்கெட் விற்றதில் ஏழாயிரம் தந்தார்கள். அதற்குப் பிறகு போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். கேட்டால் பிள்ளைகள் கோவிப்பார்களோ, கேட்காவிட்டால் மறந்துவிடுவார்களோ.

நேற்றுத் தலைவியே எனக்குப் போன் போட்டாள். "அண்ணே, மிச்சத்தில கொஞ்சம் குறைக்கலாமோ?"

வாய் திறந்துவிட்டது. மூடிக்கொண்டேன்.

"ஏலாது, தங்கச்சி," என்றேன்.

இன்னும் வரவேண்டியது பதினெட்டாயிரம் ரூபாய்.