‘வந்துரும்’ என்று சொல்லாத பூங்கோதை

“சொல்லுங்க மொதலாளி” என்று போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, மேசைமேல் வைத்துவிட்டு, பூங்கோதை முருங்கைக்கீரையை மடியில் இழுத்துக்கொள்கிறாள். எதிர்முனையில் வடக்குத் தெரு. ஃபேன் நின்றுவிட்டது, மாவு பாதி அரைத்தபடி கிரைண்டரில் கிடக்கிறது, மாப்பிள்ளை வந்திருக்கிற நேரம் பார்த்தா இப்படி என்று தொடங்கி, சங்கத் தலைவருடைய பரம்பரை வரைக்கும் போகிறது பேச்சு. பூங்கோதை ‘ம்’ கொட்டிக்கொண்டே கீரையை உருவுகிறாள். வடக்குத் தெரு என்றால் கீரைதான். அவர்கள் நிதானமாகத் திட்டுவார்கள். பள்ளிக்கூடத் தெருவுக்கு நாலு பல் பூண்டு உரிக்கிற நேரம் போதும்.

நான் ஒட்டுக் கேட்கிறவன் என்று நினைத்துவிட வேண்டாம். சங்க அலுவலகத்துக்கும் என்னுடைய கிளை அஞ்சலகத்துக்கும் நடுவில் இருப்பது ஒற்றைச் செங்கல் சுவர். அதுவும் கூரை வரை எட்டவில்லை. முத்திரை குத்துகிற நேரம் போக, சங்குமுனை மக்களின் மனக்குறையைக் கேட்பதுதான் என் உத்தியோகம்.

சாயல்குடியிலிருந்து வாலிநோக்கம் போகிற வழியில் கடலைப் பார்த்துத் திரும்பி, ஓடையைத் தாண்டினால் சங்குமுனை. அரசாங்கக் கரண்டின் பெரிய லைன் ஓடைக்கு அக்கரையோடு நின்றுபோயிருந்த காலத்தில், ஊர்க்காரர்கள் மீன் விற்ற காசையும் உப்பளக் கூலியையும் பங்கு போட்டு, சோலார் தகடும் பேட்டரியும் வாங்கி, தங்களுக்குத் தாங்களே கரண்ட் கொடுத்துக்கொண்டார்கள். அதுதான் சங்குமுனை மின்சார சங்கம். பங்கு வாங்கிய ஒவ்வொருவரும் அதற்கு உரிமையாளர். எனவே கரண்ட் போனால் இந்த ஊரில் யாரும் வாடிக்கையாளராகப் புகார் சொல்வதில்லை. முதலாளியாகத்தான் அதட்டுவார்கள். “நானும் இதுல ஒரு மொதலாளிதேன், தெரியும்ல?” என்று எல்லாரும் ஆரம்பிப்பதைப் பார்த்துவிட்டு, அந்த வேலையை அவர்களுக்கு வைக்காமல் பூங்கோதையே முந்திக்கொள்கிறாள். அதில் கிண்டல் எவ்வளவு, மரியாதை எவ்வளவு என்று இத்தனை நாள் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தும் என்னால் பிரித்தறிய முடியவில்லை. நான் வாடகைக்கு இருப்பவன், பங்கு கிடையாது. என்னிடம் வெறும் “சொல்லுங்க சார்”தான். எனக்கு அதில் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு.

அவளுக்கு முன்னால் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் ஒருவரும் நிலைக்கவில்லை. கடைசியாக இருந்த பையன், ஒரு மழை நாளில் போனைத் தண்ணீர்க் குடத்துக்குள் போட்டுவிட்டுத் திருப்பூருக்கு ரயிலேறிவிட்டான். அடுத்து யார் என்று சங்கத்தில் கேட்டபோது பூங்கோதை எழுந்து நின்றாளாம். “நீ தாங்குவியாத்தா?” என்று தலைவர் ஹாஜா முகைதீன் கேட்டதற்கு, “எங்க மாமியாகிட்டக் குடும்பம் நடத்துனவளுக்கு இதெல்லாம் எம்மாத்திரம்ணே” என்றாளாம். மாமியாரும் அந்தக் கூட்டத்தில் ஒரு முதலாளியாக உட்கார்ந்திருந்தார் என்பது கூடுதல் தகவல்.

அவளிடம் ஒரு பிடிவாதம் உண்டு. கரண்ட் போன வீட்டுக்கு உலகம் முழுக்கச் சொல்லப்படுகிற பதில் ‘இப்ப வந்துரும்’ என்பது. அதை அவள் சொல்லமாட்டாள். “மாரீசு போஸ்ட்டு மேல இருக்கான், எறங்கட்டும்” என்பாள். மாரீசு என்பது லைன்மேன் மாரீஸ்வரன். “பீஸ் போயிருச்சா கம்பி போயிருச்சான்னு இன்னும் தெரியல” என்பாள். தெரியாததைத் தெரியாது என்று அவள் சொல்வதைக் கேட்டால் திட்டுகிறவருக்குத் திட்டு மறந்து அழுகை வந்துவிடும்.

“ஒரு ஆறுதலுக்காச்சும் வந்துரும்னு சொல்லேன் தாயி” என்று ஒரு நாள் ஒருவர் கெஞ்சினார்.

“ஆறுதல் வேணும்னா கோயிலுக்குப் போங்க மொதலாளி. இங்கன கரண்டு மட்டுந்தேன்.”

போன ஐப்பசியில் வந்த புயல் இந்தப் பிடிவாதத்தை உரசிப் பார்த்தது. விடிவதற்குள் காற்று ஓய்ந்துவிட்டது. தகடுகளில் பாதி சட்டத்தோடு பிடுங்கிக்கொண்டு உப்பளத்தில் கிடந்தன. பேட்டரி அறைக்குள் கடல்தண்ணீர். செல்போன் கோபுரமும் சாய்ந்துபோனதால், திட்ட வேண்டியவர்கள் நேரிலேயே வந்துவிட்டார்கள். பூங்கோதை அலுவலக வாசலில் நாற்காலியை எடுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒருவர் பின் ஒருவராக வாங்கிக்கொண்டாள். கையில் அன்றைக்குக் கீரையும் இல்லை, பூண்டும் இல்லை. அதுதான் எனக்கு முதலில் பயத்தைக் கொடுத்தது.

நண்பகல் வாக்கில் சீனி முகமதுவின் மகள் மாஷிதா ஓடிவந்தாள். அவளுடைய அத்தாவுக்கு நுரையீரல் கெட்டுப்போய், வீட்டில் ஆக்ஸிஜன் மெஷின் ஓடினால்தான் மூச்சு. கரண்ட் இல்லாததால் அவசரத்துக்கு வைத்திருந்த சிலிண்டரை மாட்டியிருந்தார்கள். அது பொழுது சாய்கிற வரை தாங்கும்.

“அதுக்குள்ள வந்துருமாக்கா?” என்றாள் மாஷிதா.

ஹாஜா முகைதீன், “இன்ஷா அல்லாஹ் வந்துரும்மா. மாரீசு வேலை பாத்துக்கிட்டுத்தேன் இருக்கான்” என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. தலைவர், சங்கத்தின்மேல் நம்பிக்கை வைத்திருக்கிறார், அவ்வளவுதான்.

பூங்கோதை சேலையை முழங்காலுக்கு மேல் ஏற்றிச் செருகிக்கொண்டு பேட்டரி அறைக்குள் இறங்கினாள். நான் வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன். கீழ்வரிசைப் பேட்டரி அத்தனையும் தண்ணீருக்குள். மேல்வரிசையில் மாரீஸ்வரன் கம்பிகளைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

“சாயந்திரத்துக்குள்ள வருமால?”

“அநேகமா வந்துரும்க்கா.”

“அநேகமாவ வச்சு மூச்சு விட முடியுமால? ஒங்க அய்யா அந்த மெஷின்ல இருந்தா நீ இங்கன காத்திருப்பியா?”

பூங்கோதை வெளியே வந்தாள். அவள் கணவர் சேதுராமன் உப்பளத்தில் டிராக்டர் ஓட்டுகிறவர். மேற்கே கண்மாய்கள் உடைத்துக்கொண்ட தண்ணீர் ஓடைக்கு வந்து சேர்ந்துவிட்டால் அப்புறம் டிராக்டராலும் தாண்ட முடியாது என்று அவர் காலையிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். பூங்கோதை அவரைப் பார்த்தாள். பிறகு மாஷிதாவின் தோளைப் பிடித்தாள்.

“கரண்டு வராதுத்தா. மாமாவ ஏத்துங்க. ராமநாதபுரம் ஆசுபத்திரிக்குக் கொண்டு போயிருங்க.”

சீனி முகமது போகமாட்டேன் என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டார். கட்டிலோடு தூக்கி டிராக்டரில் வைத்தார்கள். ஓடைக்குள் தண்ணீர் டிராக்டர் எஞ்சின் வரை ஏறியதைக் கரையில் நின்று நாங்கள் எல்லாரும் பார்த்தோம். பூங்கோதை மட்டும் பார்க்கவில்லை. கடலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள்.

அன்று பொழுது சாய்வதற்கு முன்னால் கரண்ட் வந்துவிட்டது.

ஊரே சேர்ந்து சாதித்தது அது. மேல்வரிசைப் பேட்டரிகளை மீன்பெட்டியில் வைத்துத் தூக்கிப் பள்ளிக்கூட வராந்தாவுக்குக் கொண்டுபோனார்கள். பெண்கள் தத்தம் வீட்டுக் குடிதண்ணீரைக் கொண்டுவந்து, பிழைத்த தகடுகளில் அப்பியிருந்த உப்பையும் சேற்றையும் கழுவினார்கள். மாரீஸ்வரன் நாள் முழுக்கச் சாப்பிடவில்லை. நோயாளி இருக்கிற தெருவுக்குத்தான் முதல் இணைப்பு என்பது சங்கத்தின் சட்டம். எனவே முதலில் சீனி முகமதுவின் தெரு எரிந்தது. அவசரத்தில் யாரும் சுவிட்சை அணைக்காமல் போயிருந்ததால், ஆளில்லாத அந்த வீட்டில் ஆக்ஸிஜன் மெஷின் தானாகவே ஓடத் தொடங்கியது. அந்தச் சத்தம் தெரு முழுக்கக் கேட்டது.

பிறகு கேட்க வேண்டுமா? ஒரு நாளும் வரும் என்று சொல்லாதவள், வராது என்று ஒரே ஒரு முறை சொன்னாள், அதுவும் பொய்த்துவிட்டது. கரண்ட் வந்ததற்காக ஓர் ஊர் ஒரு பெண்ணைத் திட்டியதை நான் அன்றைக்குத்தான் கண்டேன். “சாகக் கெடந்த மனுசன ஓடைத் தண்ணியில முக்கி எடுத்தியே!” என்றார்கள்.

ஓடை வடிந்ததும் முதல் பஸ்ஸில் ராமநாதபுரம் போனாள். எனக்கும் தலைமை அஞ்சலகத்தில் வேலை இருந்ததால் கூடப் போனேன். சீனி முகமது குளிர்க் காய்ச்சலோடு படுத்திருந்தார். பூங்கோதை கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்று, “மாமா, கரண்டு அன்னைக்கே வந்துருச்சு. நாஞ் சொன்னது தப்பு” என்றாள். ஊரிலிருந்து யாரும் அதுவரை அவரிடம் அதைச் சொல்லியிருக்கவில்லை. அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவள் போகவில்லை. நர்ஸ் வந்து விரட்டுகிற வரை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். கிளம்பும்போது சுவரைப் பார்த்தபடியே அவர், “போ, போயிப் போன எடு. அங்கன ஊரே கத்திக்கிட்டுக் கெடக்கும்” என்றார். அதற்குப் பிறகு அவர் அவளோடு பேசவில்லை. கரண்ட் போனால் மாஷிதாதான் கூப்பிடுவாள்.

புயலுக்குப் பிறகு சங்கம் வளர்ந்தது. சுற்று வட்டாரத்தில் முதலில் விளக்கு எரிந்த ஊர் என்று பேராகிவிட்டதால், அக்கம்பக்கத்துக் குப்பங்கள் வந்து சேர்ந்தன. ஐஸ் கம்பெனி ஒன்று சேர்ந்தது. முதலாளிகள் பெருகினார்கள். போன் ஓயவில்லை. ஹாஜா முகைதீன் மதுரையிலிருந்து ஒரு கம்பெனிக்காரரை வரவழைத்தார். இனிமேல் போனை மெஷினே எடுக்குமாம். போட்டுக் காட்டினார்கள். “மின்தடைக்கு வருந்துகிறோம். மின்சாரம் விரைவில் வந்துவிடும்” என்றது ஒரு பெண் குரல். நல்ல குரல்தான். பூங்கோதை சம்பளத்தை மிச்சப்படுத்தினால் மாரீஸ்வரனுக்குத் துணையாக இன்னொரு லைன்மேனைப் போடலாம் என்று தலைவர் சொன்னதும் நியாயம்தான்.

இதை முடிவு செய்யச் சங்கம் கூட்டிய கூட்டத்துக்கு முதல் நாள் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவளே கூப்பிட்டாள்.

“சார், இருக்கீகளா?”

“இருக்கேம்மா.”

“எனக்கு இந்த நாற்காலி வேணும் சார். வீட்டுல நாஞ் சொல்றத யாரு கேக்குறா? இங்கன இன்னைக்கு வராதுன்னு சொன்னா, ஊரே மாவ அம்மிக்கும் ஒரலுக்கும் மாத்துது.”

“கூட்டத்துல இதச் சொல்லும்மா.”

“அதெப்புடி சார், எனக்காக நானே பேசுறது?”

பங்கு இல்லாததற்காக அன்றைக்குத்தான் நிஜமாகவே வருத்தப்பட்டேன். ஒரு கை தூக்கக்கூட எனக்கு உரிமை இல்லையே.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் மீன் ஏலக் கொட்டகையில் கூட்டம். மாஷிதா அவள் அத்தாவை ஆட்டோவில் கொண்டுவந்தாள். மூக்கில் குழாய், ஒரு கையில் கைப்பிடி வைத்த சின்ன சிலிண்டர், ஒரு கையில் ஊன்றுகோல். வந்ததும் பேச வேண்டும் என்றார். நடுநடுவே மூச்சு வாங்கிக்கொண்டு பூங்கோதையைத் திட்டித் தீர்த்தார். “வராதுன்னா. வந்துச்சு. என்னையக் கட்டிலோட தூக்கி, டிராக்டர்ல போட்டு, எலும்பெல்லாம் ஒடச்சு… எங்க வீட்டு மெஷினு பாட்டுக்கு இங்கன ஓடிக்கிட்டிருக்கு, நா அங்கன கெடக்கேன்!” கொட்டகையில் சிரிப்பு எழுந்தது. ஹாஜா முகைதீனின் முகம் தெளிந்தது. பூங்கோதை தூணோரமாக நின்று, முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். முடிந்தது என்று நான் நினைத்தேன்.

“சரி, பூங்கோதையே போன்ல இருக்கட்டும்ங்கிறவுக மட்டும் கையத் தூக்குங்க” என்றார் தலைவர்.

யாரும் அசையவில்லை. எல்லாரும் அடுத்தவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சீனி முகமது ஊன்றுகோலை ஊன்றி எழுந்தார். வீட்டுக்குப் போகத்தான் எழுகிறார் என்று நினைத்து, மாஷிதா சிலிண்டரை வாங்கக் கையை நீட்டினாள். அவர் மகளிடம் கொடுக்கவில்லை. இரண்டு அடி நடந்து தூணோரம் போய், அதைப் பூங்கோதையிடம் நீட்டினார்.

“இந்தா, புடி. கீழ போட்றாத.”

குழாய் அவ்வளவு நீளமில்லை. பூங்கோதை சிலிண்டரை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவரை ஒட்டி நின்றாள். சீனி முகமது காலியான அந்தக் கையைத் தூக்கினார்.