விடுங்க அத்தை

பல்செட்டு என்று எல்லோரும் கூப்பிடும் அந்த மனிதருக்கு எதையும் கழற்றத் தெரியும். திரும்ப மாட்டுவதற்குத்தான் வேறு ஆள் வரவேண்டியிருக்கும். பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பல் செய்து கொடுப்பது அவர் தொழில். அதில் மட்டும் கை சுத்தம். மாமியார் அதையும் ஒப்புக்கொள்வதில்லை. மாப்பிள்ளை செய்து கொடுத்த மேல்வரிசை இடப்பக்கம் கடிக்கிறது என்று, வருவோர் போவோரிடமெல்லாம் வாயைத் திறந்து காட்டுவார்.

அந்த அம்மாள் டிரில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது வேலைதான், தொண்டை இல்லை.

யார் பேச்சையும் கேட்காமல் பல்செட்டு வாங்கிய பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று வாசலில் நின்றது. அதில் கிளட்சுக்கு ஒயர் கிடையாது. எண்ணெய்தான் ஹோஸ் வழியாக ஓடி வேலை செய்யும். அந்த ஹோஸ் வெடித்துவிட்டது. நர்சாக இருந்த மனைவி காலை டியூட்டிக்குக் கிளம்பும்போதே, மெக்கானிக்கிடம் கொண்டுபோகும்படி படித்துப் படித்துச் சொன்னாள். அவள் தலை மறைந்ததும் பல்செட்டு ஸ்பானரை எடுத்தார்.

சும்மா சொல்லக்கூடாது, புது ஹோஸைச் சரியாகவே மாட்டினார். ஆனால் கிளட்ச் லீவரைப் பிடித்தால் ஒரு அழுத்தமும் இல்லாமல் தொளதொளவென்று கைப்பிடியோடு ஒட்டிக்கொண்டது. உள்ளே காற்று. அதை வெளியேற்ற மேலே ஒருவர் லீவரை அழுத்திப் பிடிக்க வேண்டும், கீழே ஒருவர் எஞ்சின் பக்கம் இருக்கும் சின்னத் திருகைத் திறந்து மூட வேண்டும். வீட்டில் இருந்த இன்னொரு ஜீவன் மாமியார்.

அவரை ஸ்டூலில் உட்கார வைத்து, பல்செட்டு கீழே சாக்கில் படுத்தார். தான் திருகை மூடும்வரை லீவரை விடக்கூடாது, விட்டால் போன காற்று திரும்ப உள்ளே வந்துவிடும் என்று விளக்கினார். ஊர்ப்பட்ட பிள்ளைகளுக்கு இடது வலது சொல்லிக் கொடுத்தவளுக்கு இது ஒரு பெரிய விஷயமா என்றார் மாமியார்.

முதலில் நன்றாகத்தான் போயிற்று. திருகில் மாட்டிய குழாயில் குமிழ் குமிழாகக் காற்று வந்தது. கை சும்மா இல்லாவிட்டாலும் வாய் சும்மா இருந்ததால், மகளுக்கு முதலில் வந்த வரனைப் பற்றி மாமியார் ஆரம்பித்தார். பாங்க்கில் வேலை. வண்டியே கிடையாது, பஸ்ஸில் போவானாம். திருகு திறந்திருந்த நேரம் அது.

"அதை விடுங்க அத்தை," என்றார் பல்செட்டு.

அத்தை விட்டார். லீவர் படக்கென்று திரும்ப, குழாயில் வந்த குமிழெல்லாம் வந்த வழியே உள்ளே போயிற்று.

"யாரு உங்களை லீவரை விடச் சொன்னா?"

"நீங்கதான் சொன்னீங்க மாப்பிள்ளை."

"நான் பேச்சை விடச் சொன்னேன்."

"அப்போ பேச்சைன்னு சொல்லணும். மொட்டையா விடுங்கன்னா, கையில இருக்கிறதைத்தானே விடுவாங்க?"

அதன்பின் கட்டளை மாமியார் கைக்குப் போனது. "திற", "மூடு" என்று அவர் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் ஒன்றும் திறந்து மூடியது. கீழே குமிழ் வருவது நின்றும் லீவர் மட்டும் இறுகவில்லை. பல்செட்டு எழுந்து உட்கார்ந்து, மனைவியின் முகத்தை நினைத்துப் பார்த்தார். நினைப்பே நன்றாக இல்லை.

மாமியாருக்கோ கோபம். மாப்பிள்ளையைத் திட்டிக்கொண்டே, தாளம் போடுவதுபோல லீவரை லேசாக இழுப்பதும் விடுவதுமாக இருந்தார். நிறுத்தச் சொல்லலாம் என்று நிமிர்ந்த பல்செட்டு, மேலே கைப்பிடியில் மூடி திறந்திருந்த எண்ணெய்க் கிண்ணத்தைப் பார்த்தார். ஒரு குமிழ் எழும்பியது. பிறகு இன்னொன்று. காற்று இவ்வளவு நேரமும் லீவருக்குப் பக்கத்திலேயே ஒளிந்திருந்திருக்கிறது.

"அத்தை, திட்டறதை நிறுத்தாதீங்க."

இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை. கல்யாண நாளில் தொடங்கி, வருஷம் தவறாமல் திட்டிக்கொண்டே வந்தார். மகளின் பிரசவத்துக்கு மாப்பிள்ளை தாமதமாக வந்த கட்டத்தில் லீவர் கல்போல இறுகியது.

இவ்வளவு நேரம் பிடித்தது எதற்கென்று பார்க்க வேண்டும் என்று மாமியாரே பின்சீட்டில் ஏறிக்கொண்டார். கியர் வெண்ணெயாக விழுந்தது. தெருமுனையில் டியூட்டி முடிந்து வந்த மனைவி, வண்டியையும் அதில் இருந்த ஜோடியையும் மாறி மாறிப் பார்த்தாள். யார் சரி பண்ணியது என்று கேட்டாள்.

இருவரும் ஒரே குரலில், "நான்தான்," என்றார்கள்.

அம்மாவை இறங்கச் சொல்லிப் பயனில்லை என்று அவளுக்குத் தெரியும். தன் பையை மட்டும் அம்மா மடியில் வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள். அவர்கள் இன்னொரு சுற்றுப் போனார்கள்.